மலைக்கு எழுத்தர்கள் வேண்டும்

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் பெயர் கொடுத்ததும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "டி-ஷர்ட் எப்ப சார் வரும்?" அடுத்தது, "அங்க டவர் கிடைக்குமா சார்?" இரண்டிலும் எனக்குக் குறை ஒன்றும் தெரிவதில்லை. பத்தொன்பது வயதில் ஏழு நாள் வீட்டை விட்டுப் போகிறவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? மூன்றாவதாக வரும் கேள்விதான் என்னைச் சங்கடப்படுத்துவது: "மெடிக்கல் கேம்ப் எந்த நாள் சார்?"

அது நான்காம் நாள். எந்தக் கல்லூரியின் முகாம் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தாலும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். முதல் நாள் கோயில் வளாகத் துப்புரவு, அடுத்து மரக்கன்று, அதற்கடுத்து விழிப்புணர்வுப் பேரணி, நடுவில் ஒரு நாள் இலவச மருத்துவ முகாம். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வருவது அந்த நாளுக்குத்தான். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம், நூறு பேர் கொண்ட அலகிலிருந்து முகாமுக்கு ஐம்பது பேர் என்ற கணக்கெல்லாம் ஒழுங்காகவே வகுக்கப்பட்டிருக்கிறது. போகும் ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன நடக்கிறது என்பதை மாணவருக்கு யார், எப்போது சொல்லித் தருவது என்பதற்கு மட்டும் நிரலில் இடம் கிடையாது.

எங்கள் கல்லூரி சமவெளியில் இருக்கிறது. தத்தெடுத்த ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி. சாமையும் புளியும் பலாவும் விளையும் ஊர். மலையாளிப் பழங்குடி மக்கள். வேலை இல்லாத மாதங்களில் ஆண்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் காபி, மிளகுத் தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். இதை நான் ஏதோ ஊர் வர்ணனைக்காகச் சொல்லவில்லை. சாலை எட்டாத குக்கிராமத்தில் பிரசவ வலி வந்த பெண்ணை டோலி கட்டித் தூக்க நான்கு தோள் வேண்டும். மாற்றுத்தோளுக்கு இன்னும் நான்கு. அந்த எட்டுப் பேர் சிக்மகளூரில் இருக்கிற மாதத்தில் பிரசவ தேதி விழுந்தால் என்ன செய்வது என்பது அந்த ஊரில் ஒரு மருத்துவக் கேள்வி. பயிற்சி வகுப்பில் நான் முதலில் வைப்பதும் இந்தக் கேள்வியைத்தான். "108க்கு போன் பண்ணணும் சார்" என்று பளிச்சென்று பதில் வரும். தமிழ்நாட்டில் 2008இலிருந்து ஓடுகிற வண்டி அது. சமவெளிப் பிள்ளைகளுக்கு அது வராமல் போகும் என்பதே தோன்றாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் வழியிலேயே இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதை முடிந்த இடத்தில் இறக்கிவிட, அங்கிருந்து தாய் கையில் ஏந்திக்கொண்டு நடந்தாள். அந்தச் செய்தியைப் படிக்கக் கொடுத்துவிட்டு, விஷமுறிவு மருந்து எங்கே இருந்தது, குழந்தை எங்கே இருந்தது என்று மட்டும் கேட்பேன். பாம்புக்கடிக்கு மருந்து இல்லாத நாடு அல்ல இது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமான மருந்துக்குப் பெருமளவு நஞ்சு எடுத்துத் தருவதே வடநெம்மேலியில் இருக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம்தான். மருந்துக்கு நஞ்சு எடுக்கும் மாநிலத்திலேயே மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒரு மலைப்பாதை குறுக்கே படுத்திருக்கிறது.

தூரம் மட்டும்தான் தடை என்று நினைத்துவிடவும் கூடாது. திண்டிவனத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டி, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க இளம்பெண் ஐடா ஸ்கடரை அழைத்த கதை வேலூர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு அப்போது மருத்துவம் தெரியாது. மருத்துவரான அவருடைய அப்பா அதே வீட்டில் இருந்தார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போனார்கள், மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா மருத்துவம் படித்துத் திரும்பி வேலூரில் மருத்துவமனை கட்டியது பிற்பாடு. மாணவர்களுக்கு நான் அந்தப் பிற்பாட்டைச் சொல்வதில்லை. அது அவர்களுக்கு ஏற்கனவே தெரியும், கேட்டதும் கைதட்டிவிடுவார்கள். டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருந்தும் வைத்தியம் எட்டாமல் போன அந்த இரவோடு நிறுத்திவிடுவேன். கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு பெண் பிள்ளைகள் யாராவது பேசத் தொடங்குவார்கள்.

அப்படித்தான் ஒரு முறை தமிழிலக்கியம் இரண்டாமாண்டு மாணவி எழுந்தாள். "எங்கம்மாக்கு கர்ப்பப்பை இறங்கிப்போய் ரெண்டு வருஷம் யார்கிட்டயும் சொல்லல சார்."

"ஏம்மா?"

"காலையில பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தணும். ஊத்திட்டு ஜிஎச் போனா ஓபி சீட்டு முடிஞ்சிடும். அதுவும் அன்னைக்கு லேடி டாக்டர் இருப்பாங்களான்னு தெரியாது. எனக்கே அத்தை சொல்லித்தான் சார் தெரியும்."

மருத்துவ வசதி கிடைப்பது என்றால் என்ன என்று புத்தகங்கள் வகை பிரித்துச் சொல்லும்: இருக்கிறதா, எட்டுகிறதா, கட்டுப்படியாகிறதா, நேரம் ஒத்துவருகிறதா, மனம் ஒப்புகிறதா. அந்தப் பெண் நான்கு வாக்கியத்தில் அதில் பாதியைச் சொல்லி முடித்துவிட்டாள். அவளும் சமவெளிதான்; தார்ச்சாலை வாசல் வரைக்கும் போகிறது.

இங்கே ஒரு பழைய வழக்கைக் கிளப்ப வேண்டியிருக்கிறது. 1968 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோவின் குவேர்னவாக்கா நகரில், கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடையே சிந்தனையாளர் இவான் இலிச் பேசினார். பார்க்க வரலாம், கற்க வரலாம், உதவுகிறோம் என்று மட்டும் வரவேண்டாம் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த ஊர் மக்களோடு பேச மொழி தெரியாது, அங்கே தோற்றுப்போனால் தங்களுக்கு நட்டமும் கிடையாது. அப்படிப்பட்டவர்களின் நல்லெண்ணம் ஊருக்குச் சுமை என்றார். சிறுபத்திரிகை படித்து வளர்ந்த என் தலைமுறைக்கு இலிச் ஒரு காலத்தில் வேதவாக்கு. திட்ட அலுவலர் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது அவர் பேச்சுதான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

அவருடைய வாதம் இங்கே பாதிதான் செல்லுபடியாகும் என்பது என் முடிவு. அவர் கண்ட மாணவர் வசதியான நாட்டிலிருந்து விமானத்தில் வந்தவர். எங்கள் அரசு உதவி பெறும் கல்லூரியில் முக்கால்வாசிப் பிள்ளைகள் அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். சிலர் வீட்டில் போன வருஷம்தான் கழிப்பறை கட்டியிருப்பார்கள். இவர்களைப் பார்த்து, நீ வசதி படைத்தவன், உன் கருணையை மூட்டை கட்டு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஒன்று. இந்தப் பிள்ளைகளுக்கே அடையாள அட்டையை மாட்டி, கையில் பட்டியலைக் கொடுத்து மலையேற்றினால், இரண்டாம் நாளே "இவங்களுக்கு அவேர்னெஸ் இல்ல சார்" என்று வந்து நிற்பார்கள். தன் அம்மா இரண்டு வருஷம் சொல்லாமல் இருந்ததற்கு விழிப்புணர்வுக் குறைவுதான் காரணமா என்று அந்த மாணவியைக் கேட்டால் கோபம் வரும். மலையில் இருக்கிற அம்மாவுக்கு மட்டும் அது எப்படிக் காரணமாகிவிடும்? இலிச் சரியாகத் தொட்ட இடம் இதுதான். அட்டை மாட்டியதும் கழுத்து நிமிர்ந்துவிடுகிறது. ஆகவே அட்டை மாட்டுவதற்கு முன்பு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் கடைசியாக யாருக்கு நோய் வந்தது, முதல் அறிகுறியிலிருந்து முதல் மாத்திரை வரை மணிக்கணக்கில் என்ன நடந்தது, யார் கூடப் போனார்கள், யாருடைய கூலி போயிற்று, கடன் யாரிடம் வாங்கினார்கள் என்று எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று வைத்திருக்கிறேன். மலையிலும் அதே கேள்விகள்தான். "ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?" என்ற கேள்விக்குத் தடை. அது குற்றம் சாட்டும் கேள்வி. அதற்குக் கிடைப்பது சாக்காக மட்டும்தான் இருக்கும். "போன தடவ காய்ச்சல் வந்தப்ப என்ன செஞ்சீங்க பாட்டி?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால், பாட்டி அரைமணி நேரம் பேசுவாள்.

இனி நான்காம் நாளுக்கு வருகிறேன். பள்ளிக்கூட வராந்தா, சாமியானா, நான்கு மேசை, கீழே ஊரிலிருந்து வந்த டாக்டர்கள். மூட்டுவலி என்று வரும் கிழவிக்கு ஓர் அட்டை கால்சியம், ஓர் அட்டை பி-காம்ப்ளெக்ஸ், நான்கு வலி மாத்திரை, வெள்ளைக் கவரில். அதனால் பெரிய கெடுதல் இல்லை, நன்மையும் இல்லை. எனக்கு உறுத்துவது ரத்த அழுத்த மேசை. மாணவர்கள் ஆசையாகப் போய் உட்காருவது அங்கேதான். கையில் கருவி இருக்கிறதே. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு 180/110 என்று காட்டும். டாக்டர், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டும்மா" என்று சீட்டு எழுதுவார். அவள் அதைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு போவாள். எங்கள் அறிக்கையில் 'ரத்த அழுத்தப் பரிசோதனை: பயனாளிகள் இத்தனை பேர்' என்று ஏறும். பயன் என்ன? நேற்றுவரை அவளுக்கு இல்லாத ஒரு பயத்தைக் கொடுத்துவிட்டு நாம் பேருந்து ஏறிவிட்டோம்.

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். வேல்ஸில் கிளின்கோரக் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் வேலை பார்த்தவர். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கையில் விட விட இது இன்னும் மோசமாகும் என்று 1971இல் லான்செட் இதழில் எழுதினார். இன்றும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை அது. அவரைப் பற்றிய இன்னொரு செய்தி எனக்கு அதைவிட முக்கியம். தன் பொறுப்பிலிருந்த அத்தனை பேருக்கும் நோய் வரும் வரை காத்திராமல் ரத்த அழுத்தம் பார்த்தவர். பார்த்துவிட்டு அதே ஊரில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தவர். அளவெடுப்பதற்கு இருப்புதான் தகுதி. தருமபுரி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் சிட்லிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993இல் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கிய ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியரும் அங்கேயே தங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கினார்கள். ஏழு நாள் இருக்கப்போகிற நாம் அவர்களைப் போல நடிக்கக் கூடாது. எங்கள் முகாமில் இப்போது ரத்த அழுத்த மேசை கிடையாது. கிராம சுகாதார செவிலியர் தன் பதிவேட்டோடு வந்து உட்கார்ந்தால் உண்டு. அவர் பார்ப்பார், அவர் எழுதுவார், அடுத்த மாதம் மாத்திரையோடு வரப்போவது மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தருகிறது. பட்டியலில் பெயர் ஏறவேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, மாணவர்களுக்கான வேலை முழுவதும் அதற்குள்தான் கிடக்கிறது என்று நான் கண்டுகொண்டேன். ஊசி போடவோ நாடி பார்க்கவோ தெரியாத வணிகவியல் மாணவனால் அந்த ஊரின் மருத்துவத்துக்கு ஆகக்கூடிய உருப்படியான காரியம் எழுத்தர் வேலை. கேட்டதும் முகம் சுண்டிவிடும் பிள்ளைகளுக்கு. வெள்ளைக் கோட்டின் பக்கத்தில் நிற்கலாம் என்று வந்தவர்கள் அல்லவா. பிறகு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து காகிதத்தின் பாதையைக் கரும்பலகையில் வரைவோம்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை அறுவைச் சிகிச்சை. சேர்வதற்குக் குடும்ப அட்டை வேண்டும், ஆதார் வேண்டும், வருமானச் சான்று வேண்டும். மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஊர்ப்பக்கம் பதிவு முகாம் நடக்காத காலமென்றால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போகவேண்டும். மலையிலிருந்து போளூர் இறங்கி, அங்கிருந்து திருவண்ணாமலை. குடும்ப அட்டையில் 'முனியம்மாள்', ஆதாரில் 'முனியம்மா' என்று இருந்தால் திரும்பி வந்து, பெயரைத் திருத்தி, மறுபடி இறங்கவேண்டும். ஒவ்வொரு இறக்கமும் இரண்டு பேருடைய ஒரு நாள் கூலி. கர்ப்பிணிக்கு இன்னொரு பாதை. கருவுற்றதும் 12 இலக்கப் பதிவு எண் வாங்கவேண்டும். அது இல்லாமல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியான 18,000 ரூபாய் கிடையாது, பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதும் பெரும்பாடு. காபித் தோட்டத்தில் கருவுற்று ஏழாம் மாதம் ஊர் திரும்புகிற பெண் அந்த எண்ணை எப்போது வாங்கினாள்? காசநோயாளிக்கு ஆறு மாத மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அது வங்கிக் கணக்கில்தான் விழும். கணக்கு இருக்கும், நெடுநாள் தொடாமல் முடங்கியிருக்கும். இதையெல்லாம் சரிசெய்ய மருத்துவப் படிப்பு தேவையில்லை. கையெழுத்து நன்றாக இருக்கவேண்டும், செல்பேசியில் படிவம் நிரப்பத் தெரியவேண்டும், அலுவலகத்தில் "நாளைக்கு வா" என்று சொல்லும்போது நகராமல் நிற்கத் தெரியவேண்டும்.

எழுத்தர் வேலையின் உச்சம் கிராம சபைத் தீர்மானம். சாலை ஏன் இல்லை என்று கேட்டால், காப்புக்காடு, வனத்துறை அனுமதி என்று எல்லாரும் சொல்வார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, சாலைக்கும் மருந்தகத்துக்கும் அங்கன்வாடிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்க வழி செய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்பது நிபந்தனை. மலையோரக் கல்லூரிகளில் அரசியல் அறிவியல் பட்டம் வாங்கியும் இந்தப் பிரிவைப் படிக்காமல் வெளியேறுகிறவர்களே அதிகம் என்பது என் சந்தேகம். தீர்மானத்தை ஊர்க்காரர்கள் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதவேண்டும். எந்த வளைவில் டோலி சாயும், எந்த ஓடை மழையில் வழி மறிக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் தங்கள் தமிழைக் காட்ட 'மாண்புமிகு', 'அடிப்படை உரிமையாம்' என்றெல்லாம் சேர்ப்பார்கள், அடித்துவிடுவேன்.

வேறு சில கட்டுப்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பை நிறைய மாத்திரை கொண்டுவரக் கூடாது, யாரோ ஒருவருக்குத் தலைவலித்தாலும் சரி. முகம் தெரியும் படம் கிடையாது. காசநோய், மாதவிடாய், கருக்கலைவு ஆகியவை நோட்டில் ஏறினால் பெயர் ஏறக் கூடாது. இரவுச் சாப்பாட்டின்போது இவற்றைப் பேசினால் மறுநாள் சமையல் வேலை. பெண்களிடம் பெண்களே பேசவேண்டும், அதுவும் மாமியார் அருகில் இல்லாதபோது. பூசாரியையோ பச்சிலை கொடுப்பவரையோ கிண்டல் செய்யக் கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்டவரை அசையவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று அந்த ஊரில் மற்றவர்களுக்குச் சொல்லப்போவது அவராகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பு, முகாமுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நர்ஸம்மாவைப் போய்ப் பார்க்கவேண்டும். மலையில் மூவாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி, அதில் இருப்பவர் அவர்தான். ஊரில் எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று அவருக்கு மனப்பாடம். "கேம்ப்புன்னு வந்து எனக்கு ரிப்போர்ட் வேலைய ஏத்திடாதீங்க சார்" என்று அவர் சொன்னது எனக்கு எந்தப் பயிற்சிக் கையேட்டையும்விட உபயோகமாக இருந்தது. இப்போது அவர் சொல்லும் வேலைதான் எங்கள் நிரல்.

இப்போது மருத்துவக் கல்லூரிகளும் இந்தத் திசையில் திரும்பியிருக்கின்றன. வேலூர் சிஎம்சியில் முதலாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி வீடு வீடாகப் போவது நெடுநாள் வழக்கம். தேசிய மருத்துவ ஆணையம் 2022இலிருந்து ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்கவேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே சேர்த்திருக்கிறது. தொடர்ந்து என்ற சொல் காகிதத்தைத் தாண்டி நிற்குமா என்பதைப் போகப்போகத்தான் பார்க்கவேண்டும். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது: ஊரை மாற்றுவதில்லை. இரண்டாமாண்டு மாணவர் மூன்றாமாண்டு ஏறும்போது தன் நோட்டை அடுத்தவரிடம் ஒப்படைக்கவேண்டும், எந்த வீட்டின் எந்த விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்ற விவரத்தோடு. புதுப்புது ஊராகப் போனால்தான் புதுப்புதுப் படம் கிடைக்கும் என்ற குறை நிர்வாகத்துக்கு உண்டு.

போன முகாமில் மருத்துவ முகாமை நிரலிலிருந்து எடுத்துவிட்டோம். அந்த நாளுக்குப் பேசியிருந்த வண்டியில் மாணவர்கள் நான்கு பேர் மட்டும் ஏறினார்கள். மீதி இருக்கைகளில் ஊர்க்காரர்கள், மடியில் பிளாஸ்டிக் பையில் அட்டைகளோடு. ஆட்சியர் அலுவலகத்தில் காப்பீட்டுப் பதிவு முடித்து இரவு திரும்பினார்கள். பெயர்ப் பிழையால் சிலருடையது நின்றது. ஆண்டுத் தணிக்கையில் ஒரு குறிப்பு வந்தது: முகாம் வாகனத்தில் முகாமில் பங்கேற்காதவர்கள் பயணித்ததற்கான காரணம் என்ன, அச்செலவை ஏன் திரும்பப் பெறக் கூடாது? சென்றவர்கள் முகாமின் பயனாளிகள் என்றும், சென்றதே முகாமின் அன்றைய பணி என்றும் எழுதி, பதிவு எண்களை இணைப்பாக வைத்து அனுப்பினேன். ஏற்றார்களா என்று இன்னும் கடிதம் வரவில்லை. இந்த ஆண்டு மதிப்பீட்டிலும் அதே செலவை அதே தலைப்பில் எழுதியிருக்கிறேன். போன முறை பெயர்ப் பிழையால் நின்றவர்களுக்கு முன் இருக்கை.